கால்நடை மருத்துவ மாணவர்கள் வெளிப்பயிற்சிக்கு இடம் தேடுவதும் அதைப் பயன்படுத்திக்கொள்வதும்

கால்நடை மருத்துவ இளநிலைப் பட்டப்படிப்பு, இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் 2016 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஐந்தரை ஆண்டுகள் நீடிப்பது. அதில் கடைசி ஓராண்டு, பிரிவு பிரிவாக மாறிச் செல்லும் கட்டாய உள்ளுறைப் பயிற்சி. அந்த ஓராண்டுக்கு அட்டவணையும் கையொப்பப் பதிவேடும் உண்டு. அதை எப்படி முடிப்பது என்பதைச் சீனியர்களே சொல்லிவிடுவார்கள். நான் எழுத வந்தது அதற்கு முன்னாலோ இடையிலோ, மாணவர் தாமாக விரும்பி, கல்லூரிக்கு வெளியே தொழில் பார்க்கும் ஒரு மருத்துவரின் பக்கத்தில் இரண்டு வாரமோ ஒரு மாதமோ நின்று பழகும் வெளிப்பயிற்சியைப் பற்றி. எக்ஸ்டர்ன்ஷிப் என்ற பெயரில் அமெரிக்கக் கல்லூரிகளில் வேரூன்றிவிட்ட இந்த ஏற்பாடு, தமிழ்நாட்டில் இன்னும் பெரும்பாலும் மாணவரின் சொந்த முயற்சியாகவே இருக்கிறது. கிராமப்புறத்தில் தொழில் பார்த்து, மாணவர்கள் சிலரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டும் வேலை செய்தவன் என்ற முறையில், எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

கல்லூரி மருத்துவமனையில் பார்க்காத எதை வெளியே பார்க்கப்போகிறோம் என்று கேட்பவர்கள் உண்டு. 1903 இல் தொடங்கிய வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில், ஒரே காலையில் வரும் நாய்களைப் பார்த்தே ஒரு பாடநூல் எழுதலாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால், கல்லூரி மருத்துவமனைக்கு வண்டி ஏறி வரும் மாடு பெரும்பாலும் ஏற்கெனவே இரண்டு மூன்று ஊசி போட்டுக்கொண்டு, நோயின் முகமே மாறிப்போன நிலையில்தான் வருகிறது. முதல் நாள் காய்ச்சலை, முதல் நாள் மடிவீக்கத்தை, இன்னும் யாரும் கைவைக்காத கன்று ஈனும் சிக்கலை அங்கே பார்ப்பது அரிது. பரிசோதனைக்கூடமும் ஸ்கேனும் மேல்மாடியில் இருக்கும்போது எடுக்கும் முடிவு வேறு. வைக்கோல் போருக்குப் பக்கத்தில், வெப்பமானியும் ஸ்டெதாஸ்கோப்பும் மட்டும் கையில் இருக்கும்போது எடுக்கும் முடிவு வேறு. பட்டம் பெற்றபின் பெரும்பாலானவர்கள் நிற்கப்போவது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

எந்த இடத்துக்குப் போவது

முதல் வெளிப்பயிற்சியைக் கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் செய்யுங்கள் என்பதே என் பரிந்துரை. குளிரூட்டப்பட்ட செல்லப்பிராணி மருத்துவமனையில் இடம் கிடைத்தும் அதை விட்டுவிட்டு இங்கே வருவதா என்று தோன்றும். மருந்தகத்தில் காலை நேரத்தில் ஆட்டுக்குட்டிக் கழிச்சலும், சினைக்குக் கத்தும் மாடும், காம்பில் காயம்பட்ட எருமையும், கோழிகளைக் கூடையில் தூக்கி வந்த பாட்டியும் வரிசையாக நிற்பார்கள். உதவிக்கு ஆள் குறைவு என்பதால், நம்பிக்கை தரும் மாணவருக்கு மூன்றாம் நாளே கையில் வேலை கிடைத்துவிடும். சினைப்பரிசோதனை என்பது கையால் மட்டுமே கற்கக்கூடிய வித்தை. நூறு மாட்டின் கர்ப்பப்பையைத் தொட்டுப் பார்த்தவருக்கும் படத்தில் பார்த்தவருக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தேர்வு மதிப்பெண் குறைக்காது. காலையில் சினைப்பருவ அறிகுறி தெரிந்த மாட்டுக்கு மாலையில் கருவூட்டல் ஊசி என்ற வாய்பாட்டை வகுப்பில் எழுதியிருப்பீர்கள். ஆனால், அறிகுறி தொடங்கிய நேரத்தை உரிமையாளரின் வாயிலிருந்து எப்படி வரவழைப்பது என்பதை அங்கேதான் கற்க முடியும்.

ஆவின் அமைப்பிலுள்ள மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியங்களின் மருத்துவர்களோடு வழித்தடத்தில் செல்வது இதற்கு அடுத்தபடி நல்லது. மடிவீக்கம், மலட்டுத்தன்மை, தீவனக் குறைபாடு ஆகிய மூன்றும் அங்கே தினமும் வரும். கோழி மருத்துவத்தில் நாட்டம் இருந்தால் நாமக்கல்லை விட்டு வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அங்குள்ள ஆலோசகர்களோடு போனால் இறந்த கோழிகளை அறுத்து நோயறியும் பழக்கம் ஒரே மாதத்தில் கைவந்துவிடும். ஆனால், ஒரு பண்ணைக்குள் போன அன்று அதே செருப்போடும் உடையோடும் இன்னொரு பண்ணைக்குள் போகக் கூடாது என்பதை யாரும் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

வண்டலூர் உயிரியல் பூங்காவும், முதுமலைத் தெப்பக்காட்டு யானைகள் முகாமும் எல்லா மாணவர்களின் கனவிலும் உண்டு. போய்ப் பார்க்கலாம், மயக்க ஊசியைத் தொலைவிலிருந்து செலுத்தும் முறையையும், ஒரு விலங்கைப் பிடிக்காமலேயே அதன் உடல்நிலையைக் கண்ணால் அளக்கும் பொறுமையையும் அங்கே கற்கலாம். ஆனால், அங்கே நீங்கள் பெரும்பாலும் பார்வையாளர்தான். கைப்பழக்கம் தேடுபவர் அதைக் கடைசி வெளிப்பயிற்சியாக வைத்துக்கொள்வது நல்லது. அறுவைச் சிகிச்சையில் கை வர வேண்டும் என்பவர்கள் தெருநாய்க் கருத்தடை மையங்களைக் கவனிக்க வேண்டும். ஒரே அறுவையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் முடிச்சு இறுகுகிறது, வெட்டும் இடம் சிறிதாகிறது, நேரம் குறைகிறது. உதகையில் உலகக் கால்நடை மருத்துவ சேவை அமைப்பு நடத்தும் பன்னாட்டுப் பயிற்சி மையம் இதற்கென்றே பயிற்சி தருகிறது.

தனியார் செல்லப்பிராணி மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, கட்டடத்தை விட்டுவிட்டு இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இங்கே மாணவர் கையால் என்னென்ன செய்ய விடுகிறீர்கள்? ஒரு நாளின் கேஸ்களைப் பற்றி உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குவீர்களா? இரண்டுக்கும் மழுப்பலான பதில் வந்தால், நீங்கள் நாயைப் பிடித்துக்கொள்ளும் சம்பளமில்லாத ஆளாகப் போகிறீர்கள் என்று பொருள். சான்றிதழுக்கு என்று தனியாகப் பணம் கேட்கும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள்; தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கேட்பது வேறு விஷயம்.

எப்போது, யாரிடம் கேட்பது

மருந்தியலும் நோயியலும் படித்து முடிப்பதற்கு முன் போனால் நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம், காரணம் பிடிபடாது. ஆகவே, முதலிரண்டு ஆண்டுகளில் போவதாக இருந்தால் ஒரு வாரம் போதும். விலங்கைக் கட்டுவது, பிடிப்பது, உரிமையாளரிடம் பேசுவது ஆகியவற்றை மட்டும் இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமும் அறுவையும் மகப்பேறும் பாடமாக வரும் இறுதிக் கட்டத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை ஒதுக்கலாம். இரண்டு வாரத்துக்குக் குறைந்தால், திங்கட்கிழமை ஊசி போட்ட மாடு அடுத்த திங்கட்கிழமை எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்காமலேயே திரும்பிவிடுவீர்கள்.

அரசு மருந்தகத்துக்குப் போவதென்றால், கல்லூரி முதல்வரின் பரிந்துரைக் கடிதத்தோடு அந்த மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநருக்கு விண்ணப்பிப்பதே நேர்வழி. மருந்தகத்தின் உதவி மருத்துவர் நமக்குத் தெரிந்தவர், வாய்மொழியாகச் சரி சொல்லிவிட்டார் என்று போய் நிற்காதீர்கள். ஏதாவது விபத்து நேர்ந்தால் எழுத்தில் அனுமதி இல்லாதது உங்களைவிட அவரைத்தான் பாதிக்கும். வனத்துறை சார்ந்த இடங்களுக்கு அனுமதி கிடைக்க நாளாகும் என்பதால் மூன்று நான்கு மாதம் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

தனியாரிடம் எழுதும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். நீங்கள் எந்தக் கல்லூரியில் எந்த ஆண்டு படிக்கிறீர்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், இதுவரை உங்கள் கையால் எதைச் செய்திருக்கிறீர்கள், எதைக் கற்க வருகிறீர்கள், வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். “தங்கள் மேலான வழிகாட்டுதலில் என் அறிவை விரிவுபடுத்திக்கொள்ள விழைகிறேன்” என்ற வகைக் கடிதங்களை நான் முதல் வரியோடு மூடியிருக்கிறேன். “நாய்க்கு நரம்பு ஊசி போட வரும்; மாட்டுக்குக் கழுத்து நரம்பில் இரண்டு முறைதான் போட்டிருக்கிறேன், அதில் ஒன்று தவறியது; சினைப்பரிசோதனை கற்க வேண்டும்” என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். மறுநாளே வரச் சொன்னேன். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை தொலைபேசியில் அழைப்பது மரியாதைக் குறைவாகாது. மருத்துவர்கள் மின்னஞ்சலைத் திறப்பதே இரவில்தான்.

அழைக்கும்போது கேட்க வேண்டியவற்றைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்: தங்க இடம் எங்கே, இரவு அழைப்புகளுக்கு உங்களையும் கூட்டிச் செல்வார்களா, வண்டி யாருடையது. மாணவியர் கழிப்பறை வசதியையும், இரவில் உடன் வருபவர் யார் என்பதையும் வெளிப்படையாகக் கேட்டுவிடுவதே நல்லது; அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளும் மருத்துவரிடம் போக வேண்டிய தேவையும் இல்லை. அகில இந்திய ஒதுக்கீட்டில் பிற மாநிலங்களிலிருந்து வந்து தமிழ் பழகாத நண்பர்கள் இருந்தால், தமிழ் தெரிந்த வகுப்புத் தோழரோடு ஒரே இடத்துக்கு இணைந்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். “மாடு அசை போடல”, “கொடி விழல”, “பால் திரிஞ்சு வருது” என்பவற்றைப் புரிந்துகொள்ளாதவருக்கு நோய் வரலாறு என்ற பாதிப் பரிசோதனை கைநழுவிப் போகிறது.

சட்டத்தையும் ஒரு வரியில் நினைவில் வையுங்கள். 1984 ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி மருத்துவத் தொழில் செய்யும் உரிமை பதிவு பெற்ற மருத்துவருக்கே உண்டு. நீங்கள் செய்வதெல்லாம் அவர் பக்கத்தில் நிற்க, அவர் பொறுப்பில் செய்வது. “டாக்டர் வெளியே போயிருக்கார், நீங்களே ஒரு ஊசி போட்டுடுங்க” என்று உரிமையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் போடக் கூடாது.

கிளம்புவதற்கு முன்

வெறிநோய்க்கான முன்தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள். நம் நாட்டில் வழக்கமாக முதல் நாள், ஏழாம் நாள், பிறகு இருபத்தொன்று அல்லது இருபத்தெட்டாம் நாள் என மூன்று தவணை; ஆகவே ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். அப்படிப் போட்டுக்கொண்டவரையும் நாய் கடித்தால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, முதல் நாளும் மூன்றாம் நாளும் ஊக்கத் தவணை போட்டுக்கொள்ள வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசியையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாயைக் கண்டு எல்லோரும் எச்சரிக்கையாக இருப்பார்கள், ஏமாறுவது மாட்டிடம்தான். வாயில் எச்சில் ஒழுக, தீனி எடுக்காமல், குரல் மாறிக் கத்தும் மாட்டைக் காட்டி, “தொண்டையில என்னமோ சிக்கியிருக்கு, கையை விட்டுப் பாருங்க” என்பார்கள். மாங்கொட்டையோ கிழங்கோ சிக்கியிருக்கவும் கூடும். வெறிநோயாக இருக்கவும் கூடும். அண்மையில் நாய் கடித்ததா என்ற விசாரணை முடியும்வரை, மருத்துவரே சொல்லும்வரை, கையுறையோடுகூடக் கையை விடாதீர்கள். அதேபோல, கருச்சிதைவாகிக் கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடுவது புருசெல்லா நோயை விலை கொடுத்து வாங்குவதாகும். திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் கசியும் மாட்டை அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்று சந்தேகித்து, அறுக்காமல் விட வேண்டும்.

பையில் ஸ்டெதாஸ்கோப், இரண்டு வெப்பமானி (ஒன்று கட்டாயம் உடையும்), தோள்வரை வரும் நெகிழிக் கையுறைகள், கம்பூட், டார்ச், சோப்பு, மாற்றுடை, சட்டைப்பையில் அடங்கும் நோட்டு ஆகியவை போதும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வையுங்கள்.

அங்கே நடந்துகொள்வது

முதல் மூன்று நாள் அதிகம் பேசாதீர்கள், கவனியுங்கள். ஒவ்வொரு விலங்கையும் மருத்துவர் தொடுவதற்கு முன், அனுமதி கேட்டு, வெப்பநிலை, நாடி, மூச்சு, மாடாக இருந்தால் இடப்பக்கத்து அசையூண் இரைப்பையின் அசைவு ஆகிய நான்கையும் எடுத்து வையுங்கள். எதையும் கேட்காமல் இந்த நான்கையும் ஒழுங்காக எடுத்துத் தரும் மாணவருக்கு அடுத்த வேலை தானாகவே வரும்.

ஒரு நிகழ்வைச் சொன்னால் இது விளங்கும். கன்று போட்ட மறுநாள் விடியற்காலையில் ஒரு கலப்பினப் பசு எழ முடியாமல் கிடந்தது. நான் முன்பு சொன்ன மாணவிதான் உடனிருந்தார். பசு கழுத்தை மடித்து, தலையை விலாப்பக்கம் வைத்திருந்தது, காது சில்லிட்டிருந்தது, மூக்கு நுனி காய்ந்திருந்தது, வெப்பநிலை இயல்புக்குக் கீழே. இரத்தத்தில் கால்சியம் குறைவதால் வரும் இதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர்; பெயரில்தான் காய்ச்சல். “டாக்டரம்மா, நேத்து ஒரு சொட்டு விடாம கறந்துட்டோம்” என்று வீட்டுக்கார அம்மா தாமாகவே சொன்னார். அதை நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். 450 மில்லி கால்சியம் பாட்டிலை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கி, கழுத்து நரம்பில் நான் ஏற்ற, இதயத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து உரக்க எண்ணும் வேலை அவருக்கு. பாதி பாட்டிலில் துடிப்பின் ஒழுங்கு தவறுகிறது என்றார். பாட்டிலைத் தாழ்த்தி வேகத்தைக் குறைத்தேன். சீரான பிறகு மீண்டும் உயர்த்தினேன். முக்கால் பாட்டிலுக்குமேல் தோல் மெல்ல நடுங்கியது, ஏப்பம் வந்தது, சாணம் போட்டது, காய்ந்த மூக்கில் வியர்வைத் துளிகள் அரும்பின. அரை மணி நேரத்தில் பசு எழுந்து நின்றது. கால்சியத்தை ஏன் மெதுவாக ஏற்ற வேண்டும் என்பதை அவர் இனி எந்தத் தேர்விலும் மறக்க மாட்டார். அன்று இதயத்தைக் கேட்டவர் அவர்.

அளவுகளை நினைவிலிருந்து சொல்லாதீர்கள். சைலசின் என்ற மயக்க மருந்து குதிரைக்குத் தேவைப்படும் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் உண்ணி மருந்து பூனையைக் கொல்லும். எடையைக் கணக்கிட்டு, மில்லிகிராமை மில்லியாக மாற்றி, ஊசியில் எடுக்கும் முன் எண்ணை உரக்கச் சொல்லி மருத்துவரின் “சரி”யைப் பெறும் பழக்கத்தை முதல் நாளிலேயே தொடங்குங்கள்.

நீங்கள் படித்ததற்கு மாறானதையும் பார்ப்பீர்கள். காய்ச்சல் என்றதும் எதிருயிரி, வலிநிவாரணி, வைட்டமின் மூன்றையும் ஒன்றாகப் போடுவதைப் பார்க்கலாம். பிணந்தின்னிக் கழுகுகளைக் கொல்கிறது என்று 2006 இலேயே கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்ட டைக்ளோஃபினாக் வலிநிவாரணி, மனிதருக்கான குப்பியிலிருந்து மாட்டுக்குள் போவதையும் எங்காவது காணலாம். உரிமையாளரின் முன்னால் மருத்துவரைத் திருத்த வேண்டாம், திரும்பி வரும் வழியில், “இதற்கு மெலாக்சிகம் போட்டால் போதாதா சார்?” என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் விளக்குவார் அல்லது யோசிப்பார். எரிந்து விழுந்தால் விவாதத்தைத் தொடராமல், திரும்பியபின் கல்லூரியில் உங்களை அனுப்பிய ஆசிரியரிடம் சொல்லுங்கள். விலங்கைத் துன்புறுத்துவதோ, மயக்க மருந்தின்றி அறுப்பதோ நடந்தால் அந்தப் பொறுமைக்கு இடமில்லை. பயிற்சியை அன்றே முடித்துக்கொண்டு கிளம்பலாம்.

கேஸ் நோட்டு

ஒவ்வொரு இரவும் அன்று பார்த்தவற்றில் மூன்றை மட்டும் எழுதுங்கள். இருபதையும் எழுத முயன்றால் நான்காம் நாள் நோட்டு மூடிக்கொள்ளும். இடப்பக்கம் நோய் வரலாறும் நீங்கள் எடுத்த அளவீடுகளும், அவற்றுக்குக் கீழே மருத்துவர் வாய் திறப்பதற்கு முன் நீங்கள் நினைத்த நோயின் பெயர். வலப்பக்கம் மருத்துவர் கண்டறிந்தது, கொடுத்த மருந்து, அளவு, செலுத்திய வழி, உரிமையாளரிடம் பாலை எத்தனை நாள் விற்க வேண்டாம் என்று சொன்னது. அதற்குக் கீழே இரண்டு வரி இடம் காலியாக இருக்கட்டும். மூன்று நாள் கழித்துத் தெரியும் முடிவுக்கு அது. தவறாக நினைத்த பெயரை அழிக்கவோ திருத்தவோ வேண்டாம். பயிற்சியின் முடிவில் அந்தப் பக்கங்களைத்தான் மருத்துவரிடம் காட்டிப் பேச வேண்டும். படம் எடுப்பதற்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அவர் முகமும் ஊர்ப்பெயரும் தெரியும்படி சமூக ஊடகத்தில் போடவே கூடாது.

கிளம்பும் நாளில் பொதுவான பாராட்டுச் சான்றிதழுக்குப் பதிலாக, எத்தனை நாள் வந்தீர்கள், எந்தெந்தச் செயல்களை மேற்பார்வையில் செய்தீர்கள் என்று எண்ணிக்கையோடு எழுதிக் கையொப்பமும் பதிவு எண்ணும் இட்ட ஒரு பக்கத்தைக் கேளுங்கள். மேற்படிப்புக்கோ வேலைக்கோ போகும்போது அந்தப் பக்கத்தைத்தான் படித்துப் பார்ப்பார்கள். பரிசுப்பொருள் எதுவும் வேண்டாம். மருந்தகத்து உதவியாளருக்கு நன்றி சொல்லாமல் வந்துவிடாதீர்கள். மாட்டைக் கட்டக் கற்றுத்தந்தவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். விடுதிக்குத் திரும்பிய மூன்றாம் நாள், நோட்டில் கடைசி கேஸுக்குக் கீழே இன்னும் காலியாக இருக்கும் அந்த இரண்டு வரிக்காக, மருத்துவரை ஒருமுறை அழைத்துக் கேட்டு நிரப்புங்கள்.